அவசரப்படாத மேளம்: நயாபிங்கி இசையும் களவுபோன நேரமும்

1

நயாபிங்கி இசையை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு ஐந்தாவது நிமிடத்தில் ஒரு சந்தேகம் வரும்: "இது எங்கேயாவது போகுமா, இல்ல இப்படியேதான் இருக்குமா?" நியாயமான சந்தேகம். மேளம் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது. வேகம் கூடவில்லை. மெட்டு விரியவில்லை. உச்சம் என்று ஒன்று வரப்போகிற அறிகுறியே இல்லை. ஒருவர் ஒரு வரியைப் பாடுகிறார், கூட்டம் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறது, மறுபடியும் அதே வரி. ஆனால் பத்தாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி எங்கோ காணாமல் போயிருக்கும். கால் தன்னால் தட்டிக்கொண்டிருக்கும். பாட்டு நின்றால் 'அதுக்குள்ளயா?' என்று இருக்கும்.

நடுவில் என்ன நடந்தது? ஜமைக்காவின் ரஸ்தாஃபாரிகள் ராத்திரியெல்லாம் அடிக்கிற இந்த மேளத்தில் அப்படி என்ன வசியம்?

வழக்கமான பதில் ஒன்று உண்டு: இதயத்துடிப்பு. தாளம் நெஞ்சு அடிப்பதைப்போலவே இருக்கிறது, கருவிலேயே நாம் கேட்ட ஒலி அது, அதனால்தான் சொக்கிப்போகிறோம் என்பார்கள். ரஸ்தாஃபாரிகளும் அதை இதயத்துடிப்பு என்றுதான் சொல்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் ஆஸ்பத்திரி மானிட்டரின் சத்தத்துக்கும் நாம் சொக்கிப்போக வேண்டும்.

இன்னொரு பதிலும் உண்டு. "கஞ்சா அடிச்சுட்டுக் கேட்டா எதுதான் மயக்காது?" இதைச் சொல்கிறவர்கள் மேளக்காரரைப் பார்ப்பதில்லை. மணிக்கணக்கில் ஓர் அடிகூடப் பிசகாமல் வட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலை மயங்கிக் கிடப்பவரால் ஆகிற காரியம் கிடையாது. கஞ்சா ரஸ்தாஃபாரிகளுக்கு ஒரு வழிபாட்டுப் பொருள், உண்மைதான். அந்தச் சொல் நமக்கும் பழக்கமானது என்பது தற்செயல் இல்லை. 1845இலிருந்து 1917வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போனார்கள். செடியும் சொல்லும் அவர்களோடு போனவை. ரஸ்தாஃபாரி இயக்கத்தின் ஆரம்பகாலப் போதகர் லெனர்ட் ஹோவல் 1930களில் தன் நூலை ஜி. ஜி. மராக் என்ற பெயரில் வெளியிட்டார். மராக் என்பது மகாராஜ் என்பதன் சாயல். இந்தத் தொடர்பு சுவாரசியமானது, உண்மையானதும்கூட. ஆனால் மேளத்தின் வசியத்தை அது விளக்கிவிடாது. அதற்கு மேளத்தையே கேட்க வேண்டும்.

2

மூன்று மேளங்கள்: பேஸ், ஃபண்டே, ரிப்பீட்டர். மூன்றும் தோல் கட்டியவை.

பேஸ் பெரியது. நுனியில் துணி சுற்றிப் பருத்த கோலால் அடிப்பார்கள். ஓர் அடி திறந்து முழங்கும். இன்னோர் அடி, தோலை அமுக்கி, பாதியிலேயே அடக்கப்பட்டிருக்கும். அதற்கு 'போப்பை நொறுக்குவது' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. 1935இல் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது வாத்திகன் அவர் பக்கம் நின்றது என்ற கோபம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஃபண்டே நடுத்தர மேளம். கையால் அடிப்பது. அடுத்தடுத்து இரண்டு அடி, பிறகு இடைவெளி. டுப்-டுப்... டுப்-டுப்... விடியும்வரை இதேதான். ஃபண்டே வாசிப்பவர் தன் வித்தையைக் காட்ட இடமே கிடையாது. ரிப்பீட்டர் சிறியது, தோல் இறுக்கிக் கட்டியது, உயர்ந்த குரல் உடையது. அதுதான் பேசும். குறுக்கே ஓடும், தயங்கும், தாமதமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர் ரிப்பீட்டர்; ஆனால் மூன்றில் சொன்னதையே சொல்லாதது அது ஒன்றுதான்.

கேட்கிறவரின் காது முதலில் ரிப்பீட்டர் பின்னால்தான் போகும், ஏனென்றால் மாறிக்கொண்டிருப்பது அது. கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிகிறது: ரிப்பீட்டர் அத்தனை துணிச்சலாக ஆடுவதே ஃபண்டே நகராமல் நிற்கிற தைரியத்தில்தான். அதன்பின் காது மெல்ல ஃபண்டேவுக்கு இறங்குகிறது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஃபண்டேவின் அடிகளையும் விட்டு, அந்த இரண்டு அடிகளுக்குப் பின் வரும் இடைவெளிக்கு வந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் நாம் காத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அடி வருகிறது. ஆனாலும் காத்திருப்பு முடிவதில்லை.

வசியம் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. பொதுவாக மேள இசை நம்மை எங்கோ கூட்டிப்போகும். வேகம் ஏறும், ஒரு கட்டத்தில் வெடிக்கும், நாமும் வெடித்து ஓய்வோம். நயாபிங்கி வெடிக்க மறுக்கிறது. அந்த அடக்கிய பேஸ் அடியைக் கவனியுங்கள்: முழங்கியிருக்க வேண்டிய ஒன்று வேண்டுமென்றே அமுக்கப்பட்டிருக்கிறது. பாட்டுகளில் பாபிலோனின் அழிவைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அடிமை வியாபாரம், காலனி ஆட்சி, போலீஸ், இன்றைய அதிகாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரஸ்தாஃபாரிகள் வைத்த பெயர் பாபிலோன். இவ்வளவு பெரிய கோபத்தை இவ்வளவு நிதானமான தாளத்தில் பாடுவது விசித்திரம்தான். ஆனால் ஏழு ராத்திரி பாட வேண்டிய கோபத்தை முதல் ராத்திரியிலேயே எரித்துத் தீர்க்க முடியாதே.

ஏழு ராத்திரி என்பது மிகைப்படுத்தல் இல்லை. பிங்கி என்று அழைக்கப்படும் அந்தக் கூடுகை பல நாட்கள் நீளும். ஏப்ரல் 21, ஜூலை 23, ஆகஸ்ட் 1, நவம்பர் 2 போன்ற நாட்களை ஒட்டி நடக்கும்: ஹெய்லி செலாசி 1966இல் ஜமைக்காவுக்கு வந்த நாள், அவருடைய பிறந்தநாள், அடிமை முறை ஒழிந்த நாள், அவர் முடிசூடிய நாள். வெளியே நெருப்பு அணையாமல் எரியும். ஆட்கள் மாறுவார்கள், மேளம் நிற்காது.

3

இந்த மேளத்துக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அதன் நிதானம் வேறு மாதிரி கேட்கும்.

அடிமை முறை இருந்த காலத்தில் தோட்ட முதலாளிகளுக்கு மேளம் என்றால் பயம். மேளம் ஆட்களைக் கூட்டும், சேதி சொல்லும், கலகத்துக்கு அழைக்கும். சட்டம் போட்டு அடக்கினார்கள். ஆனால் புர்ரு என்ற மேளக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்ததாக ஜமைக்க இசையின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்: வயலில் வேலை தொய்யாமல் நடக்க அவர்கள் அடிக்கலாம். அதாவது ஒரே தாளம்தான். அது கலகத்துக்கு உதவினால் குற்றம், கரும்பு வெட்ட உதவினால் அனுமதி.

1838இல் அடிமை முறை முழுசாக முடிந்தது. தோட்டத்தில் மேளத்துக்கு வேலை இல்லை. புர்ரு ஆட்கள் காலப்போக்கில் கிங்ஸ்டனின் சேரிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களை மேளம் அடித்து வரவேற்பது அவர்களுடைய வழக்கமாக இருந்தது. அதே சேரிகளில் 1930கள், 40களில் ரஸ்தாஃபாரிகள் வந்து குடியேறினார்கள். இவர்களிடம் வேதம் இருந்தது, சொந்தமாக மேளம் இல்லை. அவர்களிடம் மேளம் இருந்தது, வேதம் இல்லை. இரண்டும் கலந்தன. புர்ருவின் மூன்று மேளங்கள்தான் பெயரோடு சேர்த்து நயாபிங்கியின் மூன்று மேளங்கள் ஆயின. மேற்கு கிங்ஸ்டனில் ஒரு புர்ரு மேளக்காரரிடம் கற்றுக்கொண்ட ஆஸ்வால்ட் வில்லியம்ஸ் என்ற இளைஞர்தான் பிறகு கவுண்ட் ஆஸி என்று அறியப்பட்டார். கிழக்கு கிங்ஸ்டனில், வரைக்கா மலையை ஒட்டி அவர் அமைத்த முகாம், ஜாஸ் கலைஞர்கள் இரவில் தேடிப்போய் வாசிக்கிற இடமானது.

ஆக, வேலை வாங்குவதற்காக அனுமதிக்கப்பட்ட தாளம் இது. அதை எடுத்து, எந்த வேலைக்கும் உதவாத வேகத்தில், யாருக்கும் லாபமில்லாத நடுராத்திரியில், விடியும்வரை அடிக்கிறார்கள். அந்தத் தாளத்தில் கரும்பு வெட்ட முடியாது. நடந்துகூடப் போக முடியாது. இருக்கிற இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கலாம், அவ்வளவுதான். களவுபோன பொருளைத் திருப்பிக் கேட்கலாம். களவுபோன நேரத்தை எப்படித் திருப்பிக் கேட்பது? இப்படித்தான், இன்னொருவர் கடிகாரத்துக்கு அடங்காத ஓர் இரவை உண்டாக்கி. நயாபிங்கியின் மயக்கம் என்று நாம் சொல்வது இந்த நேரத்துக்குள் நுழைந்துவிட்ட உணர்வைத்தான் என்பது என் வாதம்.

பாட்டுகளிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பலவும் சங்கீதப் புத்தகத்திலிருந்தும் மிஷனரிகளின் கீர்த்தனைகளிலிருந்தும் வந்தவை. எஜமானனின் கீர்த்தனையில் விடுதலை சாவுக்கு அப்புறம். உழைத்துச் செத்தால் பரலோகம். ரஸ்தாஃபாரிகள் மெட்டை வைத்துக்கொண்டு விலாசத்தை மாற்றினார்கள். பரலோகம் போய் எத்தியோப்பியா வந்தது. சீயோன் என்பது பூமியில் இருக்கிற ஓர் இடம், போய்ச் சேர வேண்டிய வீடு.

பெயரைக்கூட எதிரியிடமிருந்துதான் எடுத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய உகாண்டா–ருவாண்டா எல்லைப் பகுதியில், நயாபிங்கி என்பது ஒரு பெண் ஆவியின் பெயர். அதன் பெயரால் காலனிப் படைகளை எதிர்த்த முஹுமுசா என்ற பெண்ணை 1911இல் பிரிட்டிஷார் சிறைபிடித்தார்கள். அந்தச் சொல் ஜமைக்காவுக்கு வந்ததோ வேறு வழியில். 1935 டிசம்பரில் 'ஜமைக்கா டைம்ஸ்' ஒரு கட்டுரையை வெளியிட்டது: நயாபிங்கி என்பது வெள்ளையர்களை ஒழிக்க நினைக்கும் கறுப்பர்களின் ரகசியப் படை, அதற்குத் தலைவர் ஹெய்லி செலாசி என்று. இத்தாலியப் படையெடுப்புக்கு நியாயம் தேடிய பிரச்சாரம் அது. படித்தவர்கள் பயப்படுவார்கள் என்று எழுதினார்கள். கிங்ஸ்டனின் ஏழைகளில் சிலர் அதைப் படித்துவிட்டு, "அப்போ நாங்கதான் அது" என்றார்கள்.

4

சரி, விடியும்வரை அடிக்கிற மேளத்தை இசைத்தட்டில் எப்படி அடைப்பது? நயாபிங்கியின் பதிவு வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கல்தான். ஒவ்வொரு பதிவையும் நான் எடைபோடுவது அது நேரத்தை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான்.

முதல் முயற்சி 'ஓ கரோலினா'. 1960ஐ ஒட்டி, ஃபோக்ஸ் பிரதர்ஸ் பாட, பிரின்ஸ் பஸ்டர் தயாரித்தது. ரேடியோவில் மதிப்பில்லாத ரஸ்தாஃபாரி மேளத்தை மலையிலிருந்து இறக்கி ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தது பஸ்டரின் துணிச்சல். ஆஸியின் குழு அடிக்கிறது, மேலே ஒரு காதல் பாட்டு ஓடுகிறது. இன்றைக்குக் கேட்டாலும் அந்த மேளம் பாட்டுக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பெரிய விஷயத்தை யோசித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். ஆனால் மூன்று நிமிட நேரத்துக்குள் அது துணை வாத்தியம்தான். 1993இல் ஷாகி அதே பாட்டை மறுபடி பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது அது முழுக்க முழுக்க நடனப் பாட்டாகிவிட்டது.

பாப் மார்லியும் வெய்லர்ஸும் 1973இல் 'பர்னின்' தொகுப்பின் கடைசிப் பாடலாக 'ரஸ்தமான் சாண்ட்' வைத்தார்கள். பழைய நயாபிங்கிப் பாட்டு அது. வேலை ஓய்வதும் வீடு திரும்புவதும்தான் அதன் பொருள். அற்புதமான குரல்கள், மெய்யான பக்தி. ஆனால் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அது பிங்கியின் வாசல்வரை கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்ப அழைத்து வருகிறது. உலகத்துக்கு நயாபிங்கியின் முகவரியைக் கொடுத்த பாட்டு என்ற மரியாதை அதற்கு உண்டு; அதற்கு மேல் சொல்ல முடியாது.

அதே 1973இல் கவுண்ட் ஆஸியின் 'மிஸ்டிக் ரெவலேஷன் ஆஃப் ரஸ்தாஃபாரி' குழு 'கிரவுனேஷன்' என்ற தொகுப்பை வெளியிட்டது. மூன்று இசைத்தட்டுகள். மேளத்தோடு சேர்ந்து செட்ரிக் ப்ரூக்ஸின் சாக்ஸபோன், கவிதை, சாம் கிளேட்டன் வாசிக்கும் நீண்ட வரலாற்று உரை, அரைமணி நேரம் ஓடும் தலைப்புப் பாடல். முதல் முறை கேட்கையில் ஒழுங்கில்லாததுபோலத்தான் இருக்கும். பேசுகிறார்கள், நிறுத்துகிறார்கள், சாக்ஸபோன் அழுகிறது, மறுபடி மேளம். 'எடிட் பண்ணியிருக்கலாமே' என்று தோன்றும். பண்ணாததுதான் அதன் பெருமை. ஒரு கூடுகையில் நடக்கிற எல்லாமே, பிரார்த்தனை, வாக்குவாதம், சலிப்பு, ஆனந்தம், இதில் இருக்கிறது. 'ஓ கரோலினா' இதிலும் வருகிறது. பழைய காதல் பாட்டு இப்போது மேளத்தின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறது. அதன் கடிகாரத்துக்கு இது பணிய வேண்டியதில்லை.

மறுவருடம், 1974இல், ராஸ் மைக்கேல் 'டாடாவா' என்ற பெயரில் 'பீஸ் அண்ட் லவ்' தொகுப்பைத் தந்தார். தயாரிப்பு லாயிட் சார்மர்ஸ். நான்கே பாடல்கள், எல்லாம் நீளமானவை. இதில் பேஸ் கிட்டார், எலெக்ட்ரிக் கிட்டார், ஆர்கன், எதிரொலி எல்லாம் உண்டு. வட்டமாக உட்கார்ந்தவர்களின் நெருக்கம் இல்லை. ஆளில்லாத பெரிய மண்டபத்தில் யாரோ அடிக்கிற மாதிரி ஒரு தூரம். வசியம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் நயாபிங்கிப் பதிவுகளில் இதற்கு இணையில்லை. ஆனால் இங்கே ஒரு விலை கொடுக்கிறோம். 'கிரவுனேஷ'னில் கேட்பது ஒரு ஜனக்கூட்டம், அதில் நமக்குப் பிடிக்காத குரலும் இருக்கும். 'டாடாவா'வில் நாம் தனியாக இருக்கிறோம். இருட்டறையில், ஹெட்ஃபோனில், கண்ணை மூடிக்கொண்டு கேட்க அத்தனை பொருத்தமான தட்டு. நயாபிங்கியோ ஒருபோதும் தனியாள் சமாச்சாரமாக இருந்ததில்லை. 'நான்' என்பதற்கும் 'நாம்' என்பதற்கும் சேர்த்து 'நானும் நானும்' என்று சொல்கிறவர்களின் இசை அது.

அதனால் புதிதாகக் கேட்க வருகிறவருக்கு நான் 'டாடாவா'வைக் கொடுப்பேன். இந்த இசை என்னவென்று தெரிந்துகொள்ள நினைப்பவருக்கு 'கிரவுனேஷ'னைத்தான் கொடுப்பேன்.

5

இவ்வளவும் சொன்னபிறகு இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் அது ரசிகர்மன்றப் பேச்சாகிவிடும்.

ஒன்று, பாட்டின் கடவுள். ஹெய்லி செலாசி ஒரு பேரரசர். 1973இல் வொல்லோ பகுதியில் பஞ்சத்தில் ஏராளமானவர்கள் மடிந்தார்கள். அவரது அரசு அதை மறைக்கப் பார்த்தது. 1974இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. 'கிரவுனேஷ'னும் 'டாடாவா'வும் வெளியானது சரியாக இந்த இரண்டு வருடங்களில்தான். கிங்ஸ்டனில் மேளம் சீயோன் என்று பாடிய நாட்களில் அந்தச் சீயோனில் பட்டினி. நம்பிக்கையில்லாத நாம் இதை எப்படிக் கேட்பது? 'வார்த்தையை விடு, தாளத்தைக் கேள்' என்பது சுலபமான வழி. ஆனால் இந்தத் தாளத்தை வார்த்தையிலிருந்து பிரித்தால் மிஞ்சுவது அந்த ஆஸ்பத்திரி மானிட்டர்தான். அரண்மனையில் இருந்த மனிதரை நான் வணங்க முடியாது. ஆனால் தங்களைப்போல் ஒருவர் அரசராக இருக்கிறார் என்ற சேதி, சேரியில் இருந்தவர்களை எப்படி நிமிர்ந்து உட்காரவைத்தது என்பது அந்தக் குரல்களில் கேட்கிறது. சேதியின் நாயகரைப் பற்றிய உண்மை அந்த நிமிர்வைப் பொய்யாக்கிவிடாது.

இரண்டு, மேளத்தைத் தொடுகிற கைகள். நயாபிங்கி மரபில் மேளம் ஆண்களுடையது. பெண்கள் பாடலாம், ஆடலாம். மேளத்துக்குப் பக்கத்தில் உட்காரும் உரிமை மரபுப்படி இல்லை. மாதவிடாய் நாட்களில் கூடுகைக்கே வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. ஒரு பெண் ஆவியின் பெயரை, ஒரு பெண் தலைமை தாங்கிய கலகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிற இசையில் இது நடக்கிறது. களவுபோன நேரத்தை மீட்ட இரவில் சமையலும் பிள்ளைகளும் யார் நேரத்தில் நடந்தன என்ற கேள்வியை எந்த இசைத்தட்டும் கேட்கவில்லை.

இந்தக் குறைகளோடும் இதைக் கேட்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்த நிதானத்துக்கு அவர்கள் கொடுத்த விலை நிஜமானது. 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் சம்பவத்துக்குப் பிறகு போலீஸும் ராணுவமும் தீவின் மேற்குப் பகுதியில் ரஸ்தாஃபாரிகளைத் தேடித்தேடி அடித்தன, ஜடைகளை வெட்டின, சிறையில் தள்ளின. ஜமைக்க அரசு அதற்கு மன்னிப்புக் கேட்டது 2017இல். நடுவில் 54 வருஷம். மேளம் இந்த 54 வருஷமும் வேகம் கூட்டாமல் அடித்துக்கொண்டுதான் இருந்தது. காத்திருக்கத் தெரிந்தவர்களின் தாளம் என்று நான் முன்னால் சொன்னது இதைத்தான்.

இன்றைக்கு இந்த இசையைத் தேடினால் தியானத்துக்கு, படிப்புக்கு, வேலையில் கவனம் குவிய என்ற தலைப்புகளோடு வந்து விழுகிறது. ஒருபக்கம் கோடிங், ஒருபக்கம் காதில் ஃபண்டே. உண்மையிலேயே வேலை நன்றாக ஓடும். அதில்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வயலில் வேலை தொய்யாமல் நடப்பதற்காகத்தானே தோட்ட முதலாளி அந்த மேளத்தை முதலில் அனுமதித்தான்? நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு அந்தத் தாளத்தை வேலையிலிருந்து பிரித்து எடுத்தவர்களின் சாதனையை ஒரே சொடுக்கில் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

யாரையும் குற்றம் சொல்லவில்லை. கேட்கிற விதத்தை மட்டும் ஒரு தடவை மாற்றிப் பார்க்கலாம். 'கிரவுனேஷ'னின் அந்தத் தலைப்புப் பாடலைப் போடுங்கள். முடிந்தால் கூட யாரையாவது உட்காரவையுங்கள். ஐந்தாவது நிமிஷத்துல அந்தச் சந்தேகம் வரும், வரட்டும். அரைமணி நேரம்தான். கையில வேற வேலை எதுவும் வேண்டாம்.